கடல் கடந்து வந்த துவையல்

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரம்; மாலை வேளை. மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. குலசேகரன்பட்டினத்துச் சாலையிலே யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாய்க் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்தனர். எங்கள் கோயிலில் செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் ஒரு தாய் மாத்திரம் வாசலிலே தயங்கி நின்றார். சேலைத் தலைப்பினுள் எதையோ பொதிந்து வைத்திருந்தார்.

“சாமி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று ஒரு சிறு கண்ணாடிப் புட்டியை நீட்டினார். அதன் அடியில் கரும்பச்சை நிறத்திலே கொஞ்சம் விழுது, எண்ணெய் மிதக்க, எஞ்சியிருந்தது.

விவரம் கேட்டேன். அவருடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். ஒன்பது மாதங்களைக் கடலில் கழித்துவிட்டு, இரண்டரை மாத விடுமுறையில் ஊர் வந்திருக்கிறான். வரும்போதே இத்தகைய புட்டிகள் நான்கைக் கொண்டுவந்தானாம். காலையிலும் இரவிலும் ரொட்டியில் இந்த விழுதைத் தடவித் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறானாம். தாய் ஆக்கி வைத்த மீன் குழம்பு சட்டியிலேயே ஆறிக் கிடக்கிறது. நான்கு புட்டிகளில் மூன்று தீர்ந்துவிட்டன. தூத்துக்குடியில் பெரிய கடையொன்றில் இதைப் போன்ற புட்டிக்கு விலை கேட்டிருக்கிறார்; கேட்ட விலைக்கு வீட்டில் சில நாள் சமையலே நடந்துவிடும் என்று வாங்காமலே திரும்பியிருக்கிறார்.

“எங் கையால ஆக்குனது பிள்ளைக்குக் கசந்துபோச்சு, சாமி” என்றார். மேற்கொண்டு அவரால் பேச இயலவில்லை.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். பூண்டின் மணத்தையும் எண்ணெயின் மணத்தையும் கடந்து, மிகவும் அறிமுகமான ஒரு மணம் வந்தது. “அம்மா, உங்கள் வீட்டுக் கிணற்றடியில் திருநீற்றுப்பச்சை நிற்கிறதா?” என்று கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். “அது தானா மொளச்சு நிக்கு, சாமி. ஆடுகூட வாய் வைக்காது” என்றார்.

“அப்படியானால் இந்தப் புட்டியில் உள்ளதில் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது” என்றேன்.

அன்று அவருக்குச் சொன்னதையும் அதன் பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். நம் கடற்கரை ஊர்களில் கப்பலுக்கும் அயல்நாட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வழி பார்த்திருக்கும் வீடுகள் அநேகம். திரும்பி வரும் பிள்ளைகள் புதிய சுவைகளையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அவற்றைக் கண்டு நாம் கலங்க வேண்டுமா? அல்லது நம் அம்மியிலேயே அவற்றுக்கு ஓர் இடம் கொடுக்கலாமா?

இடித்தது, துவைத்தது

இந்த விழுதின் பெயர் பெஸ்டோ. இத்தாலி நாட்டின் வடமேற்குக் கடற்கரையிலே லிகூரியா என்னும் பகுதி இருக்கிறது. அதன் தலைநகரமும் பெருந்துறைமுகமுமாகிய ஜெனோவாவே இதன் பிறப்பிடம். பெஸ்டோ என்பதற்கு அவ்வூர் மொழியில் ‘இடித்தது’ என்று பொருள். நம் ‘துவையல்’ என்னும் சொல்லும் துவைத்தல், அதாவது இடித்து மசித்தல், என்னும் வினையிலிருந்தே பிறந்தது. ஆகவே பெயரளவில் இரண்டும் உடன்பிறப்புகள். நாம் அம்மியும் குழவியும் வைத்திருப்பதுபோல அவர்கள் பளிங்குக்கல் உரலும் மரத்தாலான சிற்றுலக்கையும் வைத்திருக்கிறார்கள்.

ஜெனோவாவின் வழக்கப்படி அதில் சேர்வன ஏழு பொருள்கள்: பேசில் என்னும் செடியின் இளம் இலை, பூண்டு, பைன் மரத்தின் கூம்புக் காய்களிலிருந்து எடுக்கும் சிறு பருப்பு, கல்லுப்பு, பசும்பாலில் செய்த ஒரு பாலாடைக்கட்டி, செம்மறியாட்டுப் பாலில் செய்த மற்றொரு பாலாடைக்கட்டி, ஒலிவ எண்ணெய். இதில் அடுப்பில் வைத்து ஆக்குவது ஒன்றுமில்லை. மாவைப் பிசைந்து இழையாக்கி வேகவைத்த பாஸ்தா என்னும் உணவோடு இதைப் பிசறி உண்பார்கள். அந்தப் பாஸ்தாவோடு உருளைக்கிழங்கையும் பச்சை பீன்ஸையும் சேர்த்து வேகவைப்பதும் அவ்வூர் வழக்கம்.

இன்று ஜெனோவா மக்கள் தங்கள் இலையைக் குறித்து மிகவும் பெருமை கொள்ளுகிறார்கள். லிகூரியாவில் விளையும் பேசில் இலைக்கு 2005ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பெயர்ப் பாதுகாப்பு அளித்துள்ளது. ஆயினும், 1860-களில் ராத்தோ என்பவர் ஜெனோவாச் சமையலைப் பற்றி வெளியிட்ட பழைய நூலிலேயே, பேசில் கிடைக்காவிடில் மருக்கொழுந்தை ஒத்த வேறு மண இலைகளைக் கொண்டு இடிக்கலாம் என்று இடங்கொடுக்கப்பட்டிருக்கிறது. பாலாடைக்கட்டியும் ஒல்லாந்து நாட்டிலிருந்து வந்ததைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். துறைமுகத்து அடுக்களை என்றைக்கும் அப்படித்தான். கையில் அகப்பட்டதைக் கொண்டு நிறைவு செய்துகொள்ளும்.

உப்பளத்து ஊர்கள் இரண்டு

வாதுமைப் பருப்பு இதற்குள் வந்த வரலாறு இன்னும் சுவையானது. இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவு. அதன் மேற்குக் கோடியிலே திராப்பானி என்னும் துறைமுகம். நம் தூத்துக்குடியைப் போலவே அதுவும் உப்பளங்களால் பெயர் பெற்ற ஊர். கீழ்த்திசைக்குப் போய்த் திரும்பும் ஜெனோவா மரக்கலங்கள் அங்கே தங்கிச் செல்வதுண்டு. அம்மாலுமிகள் தங்கள் ஊர்ப் பூண்டு விழுதைப் பற்றிச் சொல்ல, திராப்பானிப் பெண்கள் அதைக் கேட்டுத் தங்கள் உரலில் இடித்துப் பார்த்தார்கள் என்று அவ்வூரார் சொல்லுவர். பைன் பருப்புக்குப் பதிலாகத் தங்கள் தோட்டங்களில் மிகுதியாய் விளையும் வாதுமையை இட்டார்கள். பிற்காலத்தில் தக்காளியும் அதில் சேர்ந்தது. தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துக் காய். ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸ் 1492இல் அந்த வழியைத் திறந்த பின்னரே அது ஐரோப்பாவுக்கு வந்தது. நம் குழம்பில் உறைக்கும் மிளகாயும் அவ்வழியே வந்ததுதான்.

இது நமக்குப் புதிய கதையன்று. தூத்துக்குடி மக்ரூனை அறியாதவர் நம் மறைமாவட்டத்தில் உண்டோ? ஐரோப்பாவில் மக்ரூன் என்பது வாதுமை மாவும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம். போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தபோது வாதுமை எளிதில் கிடைக்கவில்லை. மலையாளக் கரையிலிருந்து முந்திரிப் பருப்பு வந்தது. தூத்துக்குடி ரொட்டிக்கடைக்காரர்கள் முந்திரியை இட்டார்கள். இன்று அது அயலூர்ப் பண்டம் என்று யாரும் நினைப்பதில்லை. நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது. திராப்பானியில் பைன் பருப்பு போய் வாதுமை வந்தது. தூத்துக்குடியில் வாதுமை போய் முந்திரி வந்தது. இரண்டு உப்பளத்து ஊர்களும் செய்தது ஒன்றே.

ஜெனோவாவுக்கும் நம் தாமிரபரணிக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்துக்கு அருகிலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி விரிவாகச் சொன்னார். ஊர் திரும்பியபின் போரிலே ஜெனோவா மக்களிடம் சிறைப்பட்டு, 1298இல் அந்நகரச் சிறையில் இருந்தபடியே தம் பயணக் கதையை உடனிருந்த கைதி ஒருவர் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆகவே நம் ஆற்று முகத்துச் செய்தி ஐரோப்பாவின் கைக்குச் சென்றது ஜெனோவாச் சிறைக்கூடத்திலிருந்து!

கிணற்றடியில் நிற்கும் இலை

பேசில் என்பது கிரேக்க மொழியில் ‘அரசருக்குரியது’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அரசருக்குரிய அந்த இலையே நம் ஊரில் திருநீற்றுப்பச்சை, திருநீற்றுப்பச்சிலை என்று அழைக்கப்படுகிறது. வெயில் காலத்தில் குளிர்பானத்தில் ஊறவைத்துப் போடும் சப்ஜா விதை இச்செடியின் விதையே. ஐரோப்பாவுக்கு இச்செடி நம் போன்ற வெப்ப நாடுகளிலிருந்து சென்றதேயன்றி, அங்கிருந்து இங்கே வந்ததன்று. நம் பிள்ளை புட்டியில் அடைத்துக் கொண்டுவந்தது, நம் கிணற்றடியிலிருந்து என்றோ புறப்பட்டுப் போனது.

துளசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். துளசி இதன் இனத்தைச் சேர்ந்ததாயினும் வேறு செடி. அதன் காரமும் கிராம்பு மணமும் துவையலுக்கு ஒத்துவரா. மேலும் நம் இந்துச் சகோதரர் வீடுகளில் அது வணக்கத்துக்குரியது. அதை மதித்து நடப்பதே நமக்கு அழகு. திருநீற்றுப்பச்சையின் இலை துளசியைவிடப் பெரும்பாலும் பெரிதாய், வழுவழுப்பாய், பளபளப்பாய் இருக்கும்.

நம் மணப்பாட்டுத் திருவிழாவோடும் இந்த இலைக்குத் தொடர்பு உண்டு. கான்ஸ்டன்டைன் மன்னரின் தாயாகிய புனித எலேனா அம்மாள் எருசலேமில் திருச்சிலுவையைத் தேடியபோது, அது புதைந்திருந்த இடத்திலே இச்செடி மணம் வீசி முளைத்திருந்தது என்பது கீழ்த்திசைத் திருச்சபையின் மரபுக் கதை. அதனால் செப்டம்பர் 14ஆம் நாள் கிரேக்கக் கோயில்களில் திருச்சிலுவையை இவ்விலைகளால் சூழ வைத்து வணங்குகிறார்கள். மக்களுக்கும் இலைகளைக் கொடுக்கிறார்கள். அதே நாளில் மணப்பாட்டுக் குன்றின்மேல் நாம் திருச்சிலுவையை முத்தி செய்கிறோம். இதைக் கேட்டபோது அந்தத் தாயின் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு தோன்றியது.

வீட்டில் செடி இல்லாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதையை வாங்கித் தூவலாம். எங்கள் பக்கத்துத் தேரி மணல் நீரை நிறுத்தாது. ஆகையால் மக்கிய சாணத்தைக் கலந்து, நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைக்கும். ஆறு இலைகள் விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஒன்றரை அல்லது இரண்டு மாதத்தில் இலை பறிக்கலாம். பூக்கதிர் தலை காட்டியவுடன் கிள்ளிவிட வேண்டும். பூத்தபின் இலை முரடாகிக் காரமும் கசப்பும் ஏறும். நம் நாட்டு விதையில் வரும் செடிகள் ஜெனோவா இலையைவிடச் சற்றுக் கடுமையான மணம் உடையவை. ஆகவே எப்போதும் இளந்துளிர்களையே பறிக்க வேண்டும்.

வாதுமையைப் பற்றி

கடற்கரையிலே பிள்ளைகள் கல்லால் உடைத்துத் தின்னும் நாட்டு வாதுமை வேறு. கடையில் பாதாம் என்று விற்கும் வாதுமை வேறு. முன்னது அகன்ற இலைகள் சிவந்து உதிரும் நிழல் மரம். பின்னது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்காலம் வேண்டும் மரம். நம் நாட்டில் அது காஷ்மீரத்தில் விளைகிறது. கடைகளில் நாம் காண்பதோ பெரும்பாலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வருவது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஐந்தில் ஒரு பங்கு புரதம். எண்ணெய் மிகுந்திருப்பதால் வெளியே நெடுநாள் வைத்தால் சிக்கு வாடை வீசும். சிறிதளவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். எப்போதாவது ஒரு பருப்பு கடுங்கசப்பாயிருந்தால் அதை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். கசப்பு வாதுமையில் நஞ்சு உண்டு.

வேதாகமத்தில் வாதுமை பல இடங்களில் வருகிறது. ஆரோனின் கோல் பூத்துக் காய்த்தது வாதுமை. எரேமியாசு இறைவாக்கினர் கண்ட கிளையும் வாதுமை. எனக்கு மிகவும் பிடித்தது ஆதியாகமத்தின் 43ஆம் அதிகாரத்தில் வருவது. பஞ்ச காலத்திலே தானியம் வாங்க மக்களை எகிப்துக்கு அனுப்பும் முதியவராகிய யாக்கோபு, அந்நாட்டு அதிபதிக்குக் காணிக்கையாகத் தம் நாட்டு விளைபொருள்களைக் கொடுத்தனுப்புகிறார். அவற்றுள் வாதுமையும் ஒன்று. அந்த அதிபதி, இறந்துவிட்டான் என்று தாம் அழுத யோசேப்பே என்பது அவருக்குத் தெரியாது. தொலைந்த மகனுக்குத் தந்தை தம்மையறியாமலே வீட்டுப் பண்டத்தை அனுப்பினார். கடலுக்கு அப்பால் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

செய்முறை

நான் இதைக் கற்றது குருமடத்தில் என்னோடு பயின்ற ஒரு குருவிடமிருந்து. அவர் சில ஆண்டுகள் உரோமையில் படித்தவர். விடுமுறையில் என்னிடம் வந்து தங்கும்போதெல்லாம் அடுக்களையில் நுழைந்துவிடுவார். நால்வருக்குத் தேவையான அளவு கீழ்வருமாறு:

திருநீற்றுப்பச்சை இளந்துளிர், காம்பு நீக்கியது: 50 கிராம் (நெருக்கிப் பிடித்தால் இரண்டு கை நிறைய)
வாதுமைப் பருப்பு: 30
பூண்டு: பெரிய பல் ஒன்று, நாட்டுப் பூண்டாயின் இரண்டு
கல்லுப்பு: அரைத் தேக்கரண்டி
துருவிய பாலாடைக்கட்டி: 40 கிராம்
எண்ணெய்: 60 முதல் 80 மில்லி
எலுமிச்சைச் சாறு: சில துளிகள்

1. வாதுமையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு வடித்துக் குளிர்ந்த நீரில் போட்டால், இரு விரலால் அழுத்தும்போதே தோல் கழன்றுவிடும். துணியால் ஈரம் ஒற்றி, வெறுஞ்சட்டியில் இளஞ்சூட்டில், நிறம் மாறாமல், மணம் எழும் அளவுக்கு மாத்திரம் வாட்டி ஆறவிடவும்.

2. இலைகளை நல்ல நீரில் அலசித் துணியில் பரப்பி நன்றாக உலர்த்தவும். ஈரம் நின்றால் விழுது நீர்த்துக் கறுக்கும்.

3. அம்மியை நன்கு கழுவித் துடைக்கவும். மிளகாய் அரைத்த வாசனை சிறிதும் இருத்தல் கூடாது. முதலில் பூண்டையும் உப்பையும் வைத்துக் களியாக அரைக்கவும். பின்னர் வாதுமையைச் சேர்த்துக் கொரகொரப்பாக நசுக்கவும்.

4. இலைகளைக் கைப்பிடி கைப்பிடியாக வைத்து, ஓங்கி இடிக்காமல், குழவியை உருட்டி நசுக்கவும். உப்பின் பரல்களே இலையைக் கிழித்துக் கொடுக்கும். தண்ணீர் ஒரு சொட்டும் தெளிக்கலாகாது.

5. விழுதைக் கிண்ணத்தில் வழித்து, பாலாடைக்கட்டியைக் கலந்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் குழைக்கவும். இறுதியில் எலுமிச்சைச் சாறு.

திராப்பானி முறையில் செய்ய விரும்பினால், பழுத்த தக்காளி இரண்டைக் கொதிநீரில் இட்டுத் தோலும் விதையும் நீக்கி, நான்காவது படிக்குப் பின் சேர்த்து மசிக்கவும். அப்போது பாலாடைக்கட்டி இல்லாமலே சுவை நிறையும்.

ஒலிவ எண்ணெய் விலை மிகுந்தது. அதில் பாதியும் மணமற்ற கடலை எண்ணெய் பாதியும் சேர்க்கலாம். நல்லெண்ணெய் தன் மணத்தால் இலையை அடக்கிவிடும். பாலாடைக்கட்டி கிட்டாவிடில் பத்து வாதுமையும் ஒரு சிட்டிகை உப்பும் கூட்டிக்கொள்ளலாம். வாதுமையே வாங்க இயலாத வீட்டில் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை போதும். சுவை மாறும், ஆயினும் குறைவுபடாது.

இதை அடுப்பில் வைத்துச் சூடாக்கவே கூடாது. சூடான உணவின்மேல் இட்டுப் பிசற வேண்டும். இறுகலாயிருந்தால் பாஸ்தாவோ சேமியாவோ வெந்த நீரில் ஒரு கரண்டி விட்டுத் தளர்த்தலாம். இடியாப்பத்தோடு இது நன்றாய்ப் பொருந்துகிறது. அவித்த மரவள்ளிக் கிழங்கு, தோசைக்கல்லில் வாட்டிய சீலா மீன் ஆகியவற்றோடும் உண்ணலாம். இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைகளுக்கு ஏற்ற எளிய உணவு.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, கொட்டைப் பருப்புகள் சிலருடைய உடலுக்கு ஒவ்வா. அத்தகையோருக்கு வாதுமை, முந்திரி, நிலக்கடலை முதலியன மூச்சடைப்பை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். விருந்தினருக்குக் கொடுக்குமுன் இதில் பருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, இதை ஊறுகாய் போல எண்ணி அலமாரியில் வைத்துவிடலாகாது. பச்சைப் பூண்டோடு மண்ணிலிருந்து வரும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள், காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியிலே, வெளிச் சூட்டில் கொடிய நஞ்சை உண்டாக்கக் கூடும். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்கா. ஆகவே செய்தவுடன் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நெடுநாள் வேண்டுமாயின் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் இட்டு உறையவைத்து, வேண்டியபோது ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். கடையில் விற்பதைச் சூடாக்கிப் பதப்படுத்தி அடைத்திருக்கிறார்கள். நம் வீட்டு விழுதுக்கு அந்தக் காப்பு இல்லை.

அம்மியண்டையில்

இனி அந்தத் தாயின் கதைக்கு வருவோம். மறுநாளே அவர் செய்து பார்த்தார். மாலையில் வாடிய முகத்தோடு வந்தார். “கறுத்துப்போய்க் கசக்குது, சாமி. அவன் ஒரு வாய் வச்சான்; ஒண்ணும் சொல்லல” என்றார். குற்றம் என்னுடையது. செடி முழுவதும் பூத்து நின்றதை நான் கேட்டறியவில்லை. அவசரத்தில் அவர் எல்லாவற்றையும் மிக்சியில் இட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறார். சுழலும் அலகின் சூட்டில் இலை கறுத்தது, எண்ணெயும் கசந்தது. மிக்சியில்தான் அரைக்க வேண்டுமெனில், பாத்திரத்தைக் குளிரவைத்து, விட்டு விட்டு நொடிப்பொழுதே ஓட்ட வேண்டும். எண்ணெயைக் கையால் பிறகு கலக்க வேண்டும். இலையைக் கொதிநீரில் பத்து நொடி முக்கி உடனே குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்து அரைத்தால் பச்சை நிறம் நிற்கும்.

செடியைப் பாதிக்கு வெட்டிவிட்டு, நீரும் எருவும் இட்டுக் காத்திருக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் புதுத்துளிர் நிறைந்தது. அதற்குள் நான்காம் புட்டியும் காலியாகியிருந்தது. அக்டோபர் மாதம், செபமாலை மாதா திருநாள் கழிந்த சனிக்கிழமை, கொல்லைப்புறத்து அம்மியில் அவர் அரைக்க உட்கார்ந்தார். முழங்கால் வலியுள்ளவர். மணம் கேட்டு மகன் வெளியே வந்தான். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “எந்திரிம்மா, நான் அரைக்கேன்” என்று குழவியைத் தான் வாங்கிக்கொண்டானாம்.

அரைத்துக்கொண்டே அவன் சொன்னதைத் தாய் என்னிடம் வந்து சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்மஸ் இரவில் அவனுடைய கப்பல் ஜெனோவாத் துறையில் நின்றிருக்கிறது. கரையிறங்கிப் பூசை கண்டுவிட்டு, குளிரில் தனியே திரும்பியவனை, அக்கோயிலுக்கு வந்திருந்த முதிய தம்பதியர் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் ரொட்டியில் இந்த விழுதைத் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மொழி இவனுக்குத் தெரியாது. இவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. “அந்த மணம் வந்தா, யாருமில்லாம இருந்தன்னைக்கு ஒருத்தங்க கூப்பிட்டு உக்காரவச்சது ஞாபகம் வரும்மா. ஒன் சாப்பாடு வேண்டாம்னு இல்ல” என்றானாம்.

ஒரு மாதமாக அந்தத் தாய் சுமந்த வருத்தத்துக்கு இவ்வளவே காரணம். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நம் குடும்பங்களிலே எத்தனையோ மனத்தாங்கல்கள் இப்படித்தான் வளருகின்றன. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, தட்டைப் பார்த்து, தவறாகப் பொருள் கொண்டு எழுந்துவிடுகிறோம். சேர்ந்து ஒரு வேலை செய்யும்போதோ, கை அசையும்போது வாயும் திறக்கிறது. அம்மியை விட்டு மிக்சிக்கு வந்ததில் நமக்கு நேரம் மிச்சமானது மெய்யே. ஆனால் அம்மியண்டையில் நடந்த பேச்சும் கூடவே போயிற்று.

அன்றிரவு இடியாப்பத்தோடு அந்த விழுதையும், பக்கத்தில் மீன் குழம்பையும் வைத்தார் தாய். மகன் இரண்டையும் கேட்டு வாங்கி உண்டான். நவம்பரில் அவன் மீண்டும் கப்பலேறினான். இப்போது அந்த வீட்டுக் கிணற்றடியில் திருநீற்றுப்பச்சை பாத்தி கட்டி நிற்கிறது. பூக்கதிர் ஒன்றும் தலைகாட்ட அந்தத் தாய் விடுவதில்லை. அண்டை வீட்டார் கேட்டால் ஒரு கொத்துக் கிள்ளிக் கொடுக்கிறார்.

அன்பான குடும்பத்தாரே, உங்கள் வீட்டுக்கும் கடல் கடந்த பிள்ளை ஒருவர் வரக்கூடும். அவர் கையில் நீங்கள் அறியாத பண்டம் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கண்டு முகம் வாடுமுன், அது எங்கே, யார் கையால், எந்த நாளில் கிடைத்தது என்று கேளுங்கள். அவ்வாறே, அயலூர்ப் பிள்ளை ஒருவர் உங்கள் கோயில் வாசலில் தனியே நிற்கக் கண்டால், அழைத்து உங்கள் பந்தியில் உட்காரவையுங்கள். அவருடைய தாய் எங்கோ ஒரு கரையிலே அவருக்காகச் செபித்துக்கொண்டிருப்பார்.